அந்த வாரமே சொல்லிவிடுங்கள்

மதுரையில் சித்திரைத் திருவிழாவும் ஆபீஸ் அப்ரைசலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். மார்ச் 31-ல் கணக்கு வருடம் முடிந்ததும் ஹெச்ஆரிடமிருந்து படிவம் வந்துவிடும், போன வருடம் யார் என்ன செய்தார்கள் என்று டீம் லீடர்கள் பழைய மெயில்களைக் கிளறிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசி அனுப்புவார்கள். வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் வாடித்தான் வருவார்கள். இன்கிரிமென்ட் குறைந்தால் வருத்தம் இருக்கத்தான் செய்யும், அது வேறு. "ஆடி மாசம் செஞ்ச தப்பை இப்ப சித்திரையில சொல்றாங்கக்கா. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன்ல?" என்று ஒரு பிள்ளை கேன்டீனில் வைத்து என்னிடம் கேட்டது. அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாம்பாரில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரிதான் இந்த வருடாந்திர அப்ரைசல்.

வேலை பார்க்கிறவருக்கு அவருடைய வேலை எப்படி இருக்கிறது என்பதை வாரா வாரம், முடிந்தால் அன்றைக்கன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஐடி கம்பெனி, ஜவுளிக்கடை, கப்பலூர் பக்கம் இருக்கிற தொழிற்சாலை, எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். நம் ஊரில் இதைச் செய்கிறவர்கள் குறைவு, அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது ஒரு சீனியர் எல்லோருக்கும் சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. "சார் ஒண்ணும் சொல்லலையா? அப்ப நல்லாத்தான் போகுதுன்னு அர்த்தம், நீ பாட்டுக்கு வேலையப் பாரு." திட்டவில்லை என்றால் நல்லது. திட்டினால் தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. மேனேஜர்களும் இப்படியேதான் வளர்ந்து வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் இதில் ஒன்றும் குறையாகத் தெரிவதில்லை. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் விட்டால் கீழே இருப்பவர் மனசு சும்மா இருக்காது. நன்றாக வேலை செய்கிற பிள்ளை, நம்மை யாருக்கும் கண்ணுக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை தேட ஆரம்பிக்கும். ராஜினாமாக் கடிதம் வந்த பிறகுதான் மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, "உன்னை மாதிரி ஆள் கிடைக்காதும்மா" என்பார். இன்னொரு பக்கம், ஒரு வேலையைத் தப்பாகச் செய்துகொண்டிருப்பவர் அதையே சரி என்று எடுத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்துத் திருத்தப் போனால், "இவ்வளவு நாளா இப்படித்தானே செஞ்சேன், யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்பார். அவர் கேட்பது நியாயம்.

நான் மெடிக்கல் பில்லிங்கில் இருக்கிறேன், ஒரு டீமையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வேலையில் இது அப்பட்டமாகத் தெரியும். அமெரிக்காவில் ஒரு கண் டாக்டர் ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று கோட் போட்டு இன்சூரன்ஸுக்கு க்ளெய்ம் அனுப்புவது இங்கே மதுரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளையின் வேலை. லென்ஸ் வைத்துச் செய்கிற வழக்கமான புரை ஆபரேஷனுக்கு 66984. வயதால் வருகிற நியூக்ளியர் வகைப் புரை வலது கண்ணில் என்றால் ஹெச்25.11, இடது கண்ணில் என்றால் ஹெச்25.12, இரண்டிலும் என்றால் ஹெச்25.13. ஆபரேஷன் கோடுக்குப் பக்கத்தில் வலதுக்கு ஆர்டி, இடதுக்கு எல்டி என்று ஒரு மாடிஃபையரும் போட வேண்டும். நோயை வலது கண்ணில் காட்டிவிட்டு ஆபரேஷனுக்கு எல்டி போட்டால் அந்த க்ளெய்ம் பணம் வராமல் திரும்பிவிடும்.

எப்போது திரும்பும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் என்ற முதியோர் இன்சூரன்ஸில், எலெக்ட்ரானிக்காகப் போகிற க்ளெய்முக்கே 13 நாள் கழித்துத்தான் பணம் விடுவார்கள், மற்ற இன்சூரன்ஸ்களில் ஒரு மாதம்கூட ஆகும். க்ளெய்மை மறுத்து டினயல் வந்தாலும் அது கோட் போட்ட பிள்ளையின் மேசைக்கு வராது. வராத பணத்தை வசூலிக்கிற ஏஆர் டீமுக்குப் போகும், அங்கே யாரோ ஒருவர் பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பிவிடுவார், கதை முடிந்தது. தப்பு செய்தவருக்குத் தான் தப்பு செய்ததே தெரியாது. அதற்குள் அதே மாதிரி இன்னும் எத்தனை சார்ட், அதாவது நோயாளிக் குறிப்பு, போயிருக்குமோ! பல ஆபீஸ்களில் இப்படித்தான் ஓடுகிறது. மாதக் கடைசியில் "உன் ஆக்யுரசி 93, டார்கெட் 95" என்று ஒரு மெயில் மட்டும் வரும். எந்த சார்ட், எந்த இடம், ஏன் தப்பு, எதுவும் இருக்காது. 93 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் அவர் எதை மாற்றிச் செய்வார்?

எங்கள் டீமில் ஆடிட் பார்க்கிறவர், தப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கோ மறுநாளோ அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு தடவை, இதே மாதிரி வலது இடது மாறிய சார்ட்தான். "தங்கம், எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார். அந்தப் பிள்ளை ஸ்க்ரீனை மேலே ஏற்றிக் காட்டிய இடத்தில் வலது கண் என்றுதான் இருந்தது. கீழே ஆபரேஷன் குறிப்பில் இடது கண். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அந்த நோயாளிக்கு முன்பே வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அப்போது எழுதிய குறிப்பை அப்படியே காப்பி செய்து புதுக் குறிப்பின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை நோயை மேலிருந்து எடுத்திருக்கிறது, மாடிஃபையரைக் கீழிருந்து எடுத்திருக்கிறது. "இனிமே ஆபரேஷன் நோட்டை மொதல்ல படிச்சிட்டு அப்புறம் மேல போ" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த டாக்டரின் சார்ட்டுகளில் இப்படி வரும் என்று அன்றைக்கே டீமில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. இதையே ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த சார்ட் ஞாபகமே இருந்திருக்காது, "சாரிக்கா, கவனிக்கல" என்று சொல்லியிருக்கும், நாங்களும் கவனக்குறைவு என்று எழுதி வைத்திருப்போம். உண்மையான காரணம் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும். அடிக்கடி சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்: உடனே பேசினால் வேலை பார்க்கிறவரும் பேசுவார், ஏன் அப்படி ஆனது என்பது வெளியே வரும்.

பெரிய கம்பெனிகளுக்கே இது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அடோபி 2012-ல் வருடாந்திர அப்ரைசலைத் தூக்கிவிட்டு வருடம் முழுக்க அவ்வப்போது பேசுகிற முறைக்கு மாறியது. ஆட்களை வரிசைப்படுத்திக் கட்டாயமாகச் சிலரைக் கடைசியில் தள்ளுகிற முறையை மைக்ரோசாஃப்ட் 2013-ல் கைவிட்டது. டெலாய்ட்டில் படிவம் நிரப்புவது, கூட்டம் போடுவது, ரேட்டிங் முடிவு செய்வது என்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் மணி நேரம் போகிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு, 2015 வாக்கில் அவர்களும் மாற்றினார்கள். 20 லட்சம் மணி நேரம்! அதில் பெரும்பகுதி மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் ரேட்டிங்கைப் பற்றிப் பேசிக்கொண்ட நேரம், வேலை பார்த்தவரோடு பேசிய நேரம்கூட இல்லை.

அதற்காக, சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக்கூடாது. 1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, 600-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். மொத்தமாகப் பார்த்தால், சொன்ன பிறகு வேலை மேம்படத்தான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வேலை முன்னைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டுவிட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஆபீஸ்களும் கடைகளும்தான் கண்முன் வந்தன. "உனக்கெல்லாம் எவன் டிகிரி குடுத்தான்?", "நீ எப்பவுமே இப்படித்தான்", "வீட்டு நெனப்பெல்லாம் வீட்டுலயே விட்டுட்டு வரணும்". இதைக் கேட்கிறவருக்கு அந்த நேரத்தில் வேலையா நினைப்பில் இருக்கும்? அவமானம்தான் இருக்கும். இப்படி வாரா வாரம் சொல்வதைவிடச் சொல்லாமலே இருக்கலாம்.

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல ஆள் எங்கள் சித்தப்பா. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அப்ரைசலும் தெரியாது, ஹெச்ஆரும் தெரியாது. மத்தியானம் மூணு மணிக்கு மேல் கூட்டம் கொஞ்சம் குறையும் பாருங்கள், எடுத்துப் போட்ட சேலையெல்லாம் மலை மாதிரி கிடக்கும், பையன்கள் உட்கார்ந்து மடிப்பார்கள், அந்த நேரத்தில்தான் பேசுவார். அவரும் கூட உட்கார்ந்து மடித்துக்கொண்டே பேசுவார். ஒரு நாள் நான் போயிருந்தபோது புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "காலையில அந்த திருமங்கலத்து அம்மா வந்தாங்கள்ல, நீ எடுத்த எடுப்புல நாலாயிரம் ரூபா சேலையை விரிச்சுப் போட்டுட்ட. அதுக்கப்புறம் அவங்க கையே வைக்கல, கவனிச்சியா?"

"ஆமாண்ணே, பாத்துட்டு வர்றோம்னு போயிட்டாங்க."

"மொதல்ல யாருக்குன்னு கேளு. சொந்தத்துக்கா, செய்முறைக்கான்னு. செய்முறைக்குன்னா அவங்க மனசுல ஒரு கணக்கு இருக்கும், அதுக்கு மேல போகவே மாட்டாங்க, அந்தக் கணக்குக்குள்ள பத்து சேலை காட்டு. சாயங்காலம் வர்றவங்ககிட்ட இதைச் செஞ்சு பாரு."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலையில் நடந்ததை மத்தியானமே சொல்கிறார், எந்தக் கஸ்டமர் என்று சொல்கிறார், எந்த இடத்தில் பிசகியது என்று சொல்கிறார், அடுத்து என்ன செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார், அதைச் செய்து பார்க்க அன்றைக்குச் சாயங்காலமே அவனுக்கு வாய்ப்பும் இருக்கிறது. அந்தத் தம்பியின் படிப்பு, ஊர், சாமர்த்தியம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து மேனேஜர்களை ட்ரெயினிங் அனுப்புகிறார்களே, அவர்களை இந்தக் கடையில் ஒரு மத்தியானம் சேலை மடிக்க உட்கார வைத்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. தீபாவளிக் கூட்டத்தில், கஸ்டமர் முன்னாலேயே, கல்லாவிலிருந்து எழுந்து வந்து பையனைச் சத்தம் போடுகிற முதலாளிகளையும் பார்த்திருக்கிறோம். எதிரே நிற்கிற கஸ்டமருக்கே சங்கடமாகிவிடும். குறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

பாராட்டு விஷயத்தில் நமக்கு இன்னொரு தயக்கம் இருக்கிறது. சொன்னால் தலைக்கனம் வந்துவிடும், சம்பளம் கூட்டிக் கேட்பான், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்று பயம். அதனால் நல்லதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள், அதிகபட்சம் அந்த ஆள் இல்லாதபோது இன்னொருவரிடம் சொல்வார்கள். "சூப்பர்", "குட் ஜாப்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதும் பிரயோஜனம் இல்லை. நல்லதையும் குறையைச் சொல்கிற அதே பக்குவத்தோடு, எந்த வேலை, எந்த இடம் என்று சொல்ல வேண்டும். "நேத்து அந்த க்ளையன்ட் கோபமா பேசினப்ப நீ குறுக்க பேசாம முழுசா கேட்டுட்டு அப்புறம் பதில் சொன்னியே, அதனாலதான் கால் நல்லபடியா முடிஞ்சது." இப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த தடவையும் அதையே செய்யும். தான் செய்ததில் எது நன்றாக இருந்தது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது, யாராவது சொன்னால்தான் தெரியும்.

சம்பளத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் பெரிய பிரச்சினை. கடைகளிலும் பட்டறைகளிலும், முதலாளி நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது தீபாவளி போனஸ் கவரைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். சட்டப்படி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அந்தச் சட்டத்துக்குள் வராத சின்னக் கடைகளில் முதலாளி பார்த்துக் கொடுப்பதுதான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஆயிரம் ரூபாய் கூட வந்திருந்தால், ஏன் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. கவரைக் கொடுத்துக்கொண்டே "இந்த வருஷம் நீ கொஞ்சம் சரியில்லப்பா" என்று முதலாளி சொன்னாலும் அது காதில் ஏறாது, கை ரூபாயை எண்ணிக்கொண்டிருக்கும். ஆபீஸ் அப்ரைசலிலும் இதே கதைதான். இன்கிரிமென்ட் எத்தனை சதவீதம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறவரிடம் அதே மேசையில் வைத்து வேலையைப் பற்றி என்ன சொன்னாலும் அவருக்குப் பேரம் பேசுகிற மாதிரிதான் கேட்கும். பணத்தைப் பேசுகிற நாள் தனியாக இருக்கட்டும், வேலையைப் பேசுகிற நாள் வருடம் முழுக்க இருக்கட்டும். அப்படி இருந்தால் போனஸ் கவரிலோ அப்ரைசல் படிவத்திலோ யாருக்கும் திடீர் அதிர்ச்சி எதுவும் இருக்காது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நிறையப் பேருக்குக் குறைந்த செலவில் ஆபரேஷன் செய்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் மதிப்பது இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிக்குப் பார்வை எவ்வளவு வந்தது, சிக்கல் ஏதும் வந்ததா என்பதைப் பதிவு செய்து, டாக்டர் வாரியாகத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அங்கே இருக்கிறது. பெரிய டாக்டருக்கும் தன் கையால் செய்த வேலை எப்படி வந்தது என்ற கணக்கு திரும்பி வருகிறது. கண்ணில் கத்தி வைக்கிற வேலைக்கே இது நடக்கிறபோது, "எங்க வேலை ரொம்ப பிஸி, இதுக்கெல்லாம் நேரம் இல்ல" என்று ஒரு மேனேஜர் சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது?

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். பத்துப் பேர் இருக்கிற டீமில் ஆளுக்கு வாரம் ஐந்து நிமிஷம் என்றால் ஐம்பது நிமிஷம். ஒரு நல்ல கோடர் போய்விட்டால், புது ஆளை எடுத்து, ட்ரெயினிங் கொடுத்து, அவர் போடுகிற ஒவ்வொரு சார்ட்டையும் முழுசாக ஆடிட் பார்த்து, தனியாக விடுவதற்குள் மாதக்கணக்கில் ஆகிறது. இதைத் தெரிந்த மேனேஜர் அந்த ஐம்பது நிமிஷத்துக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்.

அப்புறம், பேச்சு கீழே மட்டுமே போய்க்கொண்டிருந்தால் சரிப்படாது. கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கால் வீங்கி, நரம்பு சுருண்டு, வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருகிற அக்காக்கள் மாசி வீதிகளில் எத்தனையோ வருடமாக இருக்கிறார்கள். மாடியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் கல்லாவரைக்கும் போய்ச் சேரவில்லை, போய்ச் சேர்ந்தாலும் யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு ஸ்டூல் போடுவதற்கு சட்டசபை வரை போக வேண்டியிருந்தது. வாரத்தில் ஒரு நாள் "உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்கிற பழக்கம் முதலாளிகளுக்கு இருந்திருந்தால் இது என்றைக்கோ முடிந்திருக்கும். எங்கள் டீமிலும் ஐந்து நிமிஷத்தில் பாதி அந்தப் பிள்ளைகளுக்குத்தான். ஏசி குளிர் தாங்கவில்லை என்பதிலிருந்து, நைட் ஷிஃப்ட் கேப் ரூட்டில் கடைசியாக இறங்குகிற பிள்ளை வீடு போய்ச் சேர ரொம்ப நேரமாகிறது என்பது வரைக்கும் அதில்தான் வெளியே வரும். எல்லாவற்றையும் என்னால் சரிசெய்ய முடிவதில்லை. முடியாததை முடியாது என்று மறு வாரமே சொல்லிவிடுகிறேன், அதையும் அவர்கள் மதிக்கிறார்கள்.

மேனேஜர் தானாகச் சொல்கிற ஆள் இல்லை என்றால், கீழே இருப்பவர்கள் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் "சார், என் வேலை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். "சார், போன வாரம் செஞ்சதுல ஒண்ணே ஒண்ணு மாத்திக்கணும்னா எதை மாத்தட்டும்?" என்று கேளுங்கள். அவர் யோசித்துத்தான் ஆக வேண்டும். சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் "நீங்க சொன்னபடி செஞ்சேன் சார், பாத்தீங்களா?" என்று திரும்பப் போங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் பெரும்பாலான மேனேஜர்கள் தாங்களாகவே சொல்ல ஆரம்பிப்பார்கள், நான் பார்த்தவரைக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள், கேப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள். செவ்வாய், புதன் நல்லது.